குளிர்கால உடுப்பைக் கழற்றும் குதிரை



குதிரையை அருகில் நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நுவரெலியாவுக்குச் சுற்றுலா போன சமயம் பிள்ளையை மட்டக்குதிரையில் ஏற்றிப் படம் பிடித்திருப்பீர்கள். நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைக் கண்டிருப்பீர்கள். அதற்கு மேல் குதிரையோடு நமக்குப் பழக்கம் இல்லை. எனக்கும் இருக்கவில்லை, 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை.

அந்த மாதம் நான் இங்கிலாந்தில் மகளின் வீட்டில் இருந்தேன். நாட்டின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊர். வீட்டுக்குப் பின்னால் ஒரு வேலி, வேலிக்கு அப்பால் புல்வெளி, அதில் இரண்டு குதிரைகள். ஒன்று செந்நிறமான பெரிய பெண்குதிரை. மற்றது ஷெட்லாந்து இனத்தைச் சேர்ந்த கறுப்பு மட்டக்குதிரை, வயது 23. அவற்றை வளர்ப்பவர் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. அவருக்குத் தோள்மூட்டில் வலி. ஆகவே பாடசாலை விட்டு வந்ததும் ஒன்பது வயதான என் பேத்தி உதவிக்கு ஓடிவிடுவாள், அவளுக்குத் துணையாக நானும். குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறக்கும்போது குதிரையின் தடித்த உரோமத்தைக் கழற்றிக் கொடுக்கும் வேலையை இப்படித்தான் 61 வயதில் கற்றுக்கொண்டேன். அங்கே கண்டதையும் பின்னர் விசாரித்தும் வாசித்தும் அறிந்ததையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன். உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அந்த நாடுகளில் இருந்தால் ஒருநாள் அவர்களுக்கு இது உதவவும் கூடும்.

குளிர்நாட்டுக் குதிரைக்கு வருடத்தில் இரண்டு உடுப்பு. கோடையில் குட்டையான, வழவழப்பான உரோமம். குளிர்காலத்தில் நீண்டு அடர்ந்த உரோமம். குளிர் கண்டதும் இந்த நீண்ட உரோமம் நிமிர்ந்து நிற்கும். இடையில் சிறைப்படும் காற்று கம்பளிப் போர்வை போல உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும். தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை மழை நீரை வழிந்தோட விடும். அதனால் வெளியில் நிற்கும் குதிரையைக் குளிர்காலத்தில் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதோ அழுத்தித் தேய்ப்பதோ கூடாது என்பார்கள். தேய்ப்புக்குரிய காலம் வசந்தம். பெப்ரவரியில் மெல்லத் தொடங்கும் உதிர்வு மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொட்டித் தீர்க்கும். மே மாத முடிவுக்குள் அநேகமாக முடிந்துவிடும். பிடரி மயிரும் வால் மயிரும் மட்டும் இந்தக் கணக்கில் சேராமல் அப்படியே இருக்கும்.

சூடு வந்ததும் குதிரை உரோமத்தைக் கழற்றுகிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சீதோஷ்ணத்துக்கும் ஓரளவு பங்கு உண்டுதான். ஆனால் முதற்காரணம் அதுவல்ல, வெளிச்சம்.

நான் அங்கிருந்தது நோன்பு மாதம். முதல் நோன்பை மாலை ஆறு மணியளவில் திறந்தோம். கடைசி நோன்பு திறக்கும்போது மணி ஏழே முக்காலைத் தாண்டியிருந்தது. இதில் ஒரு மணித்தியாலம் இடையில் அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளியதால் வந்தது. மீதி உண்மையாகவே பகல் நீண்டது. காலையிலும் சஹர் முடியும் நேரம் முன்னே நகர்ந்து கொண்டே போயிற்று. அந்த நாட்களில் அங்கே பகல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் நீளுகிறது. நம் நாட்டில் நோன்பு திறக்கும் நேரம் மாதம் முழுவதும் பெரிதாக அசைவதில்லை அல்லவா? கொழும்பில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசமே சுமார் 50 நிமிடம்தான். லண்டனில் டிசம்பர் 21ஆம் திகதி பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஜூன் 21இல் பதினாறரை மணித்தியாலத்துக்கும் அதிகம். இந்தக் கணக்கைக் குதிரையின் உடம்பு வைத்திருக்கிறது.

இருட்டில் மூளையிலுள்ள ஒரு சிறு சுரப்பி மெலடோனின் என்னும் ஹோர்மோனைச் சுரக்கிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்பது நின்றுவிடும. இரவுகள் குறுகக் குறுக மெலடோனின் சுரக்கும் நேரமும் குறைகிறது. அதைத் தொடர்ந்து புரொலக்டின் என்னும் இன்னொரு ஹோர்மோன் உயர, பழைய உரோமம் வேரிலிருந்து விடுபடத் தொடங்குகிறது. வெளியே பனி கொட்டிக் கொண்டிருந்தாலும் டிசம்பர் 21க்குப் பிறகு குதிரையின் உடம்பு வசந்தத்துக்கு ஆயத்தமாகிறது. மறுபக்கத்தில், கோடை வெயில் முடியுமுன் ஓகஸ்ட் கடைசியிலேயே குளிர்கால உரோமம் முளைக்கத் தொடங்கிவிடும். நுவரெலியாவில் குளிர் இருந்தும் இங்கிலாந்தில் காணும் அளவு உதிர்வை நாம் காணாதது ஏன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

பந்தயக் குதிரை வளர்ப்பவர்கள் இந்த இரகசியத்தை வியாபாரமாகவே பாவிக்கிறார்கள். வடகோளத்தில் பிறக்கும் தரோபிரெட் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1ஆம் திகதிதான் பிறந்தநாள். ஆகவே வருடத் தொடக்கத்திலேயே குட்டி பிறந்தால் இலாபம். டிசம்பர் தொடக்கத்திலிருந்து லாயத்தில் மின்குமிழ் எரியவிட்டுப் பெண்குதிரைக்கு 16 மணித்தியாலப் பகலைக் காட்டுவார்கள். உடம்பு வசந்தம் வந்துவிட்டதென்று நம்பி இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகும், கூடவே உரோமத்தையும் உதிர்த்துவிடும். அயர்லாந்தில் ஒரு கண்ணுக்கு மட்டும் நீல வெளிச்சம் காட்டும் முகமூடியே செய்திருக்கிறார்கள். குளிரில் குதிரைக்கு உடுப்பைக் கழற்றிவிட்டு மேலே போர்வை போர்த்துவது எனக்கு அவ்வளவு உவப்பாகப் படவில்லை. அது கிடக்கட்டும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலாவது ஆயுதத்தின் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'கறி கோம்ப்' என்கிறார்கள். நம் அடுப்படிக் கறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குதிரையைத் தேய்த்து ஒழுங்குபடுத்துவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. உள்ளங்கையில் அடங்கும் றப்பர் வட்டம், ஒரு பக்கம் முழுக்க மொட்டைப் பற்கள். காதுக்குப் பின்னால் கழுத்தில் தொடங்கி, சிறு சிறு வட்டமாகச் சுழற்றித் தேய்த்துக்கொண்டு தோள், முதுகின் பக்கம், விலா, தொடை என்று பின்னோக்கிப் போக வேண்டும். விடுபட்ட உரோமம் மேலே திரண்டு வரும். பிறகு தும்புத்தடி போன்ற முரட்டு நாருள்ள பிறஷினால், உரோமம் படிந்திருக்கும் திசையிலேயே வீசி வீசித் தட்டிவிட வேண்டும். கடைசியாக மென்மையான பிறஷ். பல்லுள்ள இரும்புத் தகட்டை வளைத்துப் பிடி போட்ட ஒரு கருவியும் உண்டு. சதைப்பற்றான இடங்களில் அதை மெதுவாக இழுத்தால் உரோமம் கொத்துக் கொத்தாக வரும். ஆனால் முகம், முழங்காலுக்குக் கீழே, இடுப்பெலும்பு, முதுகுத்தண்டு ஆகிய இடங்களில் இரும்பு படவே கூடாது. அங்கெல்லாம் மென்மையான பிறஷும் கையும்தான்.

சேறு காய்ந்திருக்க வேண்டும் என்பதும் முக்கியம். அந்த வருடம் மழை விடவேயில்லை. குதிரைகள் எருமை மாட்டைப் போலச் சேற்றில் புரண்டு வந்து நின்றன. ஈரச் சேற்றைத் தேய்த்தால் மண் தோலுக்குள் இறங்கிப் புண்ணாக்கும். காயும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெந்நீரில் பிழிந்த துவாயால் துடைத்தால் உரோமம் இலகுவாகக் கழலும் என்பது உண்மை. முழுக்குளிப்பு இன்னும் இலகு. ஆனால் குளிர் விடாத நாளில் நனைந்த குதிரை நடுங்கிப் போகும். நல்ல வெயில் நாள் வரும்வரை அதைத் தள்ளிப் போடுவதே புத்தி.

காற்றின் திசையைப் பார்த்து நில்லுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல்நாள் காற்றுக்கு எதிரே நின்று வாயெல்லாம் குதிரை உரோமம், அதுவும் நோன்போடு! உதடு வெடிக்கிறதென்று வஸலின் பூசியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். கம்பளிச் சட்டையோடும் போகாதீர்கள். இரண்டாம் நாள் மகள் தன் பழைய மழைக்கோட்டைத் தந்தாள், அதில் ஒன்றும் ஒட்டாது. கழற்றிய உடுப்பைத் துவைக்கும் இயந்திரத்தில் போடுமுன் வெளியே நன்றாக உதறுவதும் அவசியம் என்பதை மருமகனின் வேலைச் சட்டைகளைப் பார்த்து அறிந்துகொண்டோம்.

நேரம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் கழற்ற முனைந்தால் தோல் சிவந்துவிடும், குதிரை காலை உதைத்துத் தன் அபிப்பிராயத்தைச் சொல்லும். புரள்வதற்கு மணலுள்ள இடமொன்று விட்டால் பாதி வேலையை அதுவே செய்துகொள்ளும்.

இன்னொரு உதவியும் அதற்கு உண்டு. இரண்டு குதிரைகள் ஒன்றையொன்று பார்த்து நின்று, கழுத்து முதுகோடு சேரும் மேட்டைப் பல்லால் மாறி மாறிச் சொறிந்து கொடுக்கும். பிரான்ஸில் கமார்க் என்னும் சதுப்பு நிலப் பகுதிக் குதிரைகளை ஆராய்ந்தவர்கள், அந்த இடத்தைச் சொறியும்போது குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை 1993இல் வெளியிட்ட கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அதே இடத்தைத் தேய்த்தால் குதிரை மேலுதட்டை நீட்டிக் கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். சில வேளை திரும்பி உங்கள் தோளையும் சொறிந்துவிட வரும். அன்புதான், ஆனால் பல் பெரியது. முகத்தை மெதுவாக அப்பால் திருப்பி விடுங்கள், அடிக்க வேண்டாம்.

வேலி ஓரத்தில் குவிந்த உரோமத்தைக் கூடு கட்டும் குருவிகள் தூக்கிக் கொண்டு போவது காணக் கிடைக்காத காட்சி. அதிலும் ஓர் எச்சரிக்கை. செல்லப் பிராணிகளின் தெள்ளு மருந்து கலந்த உரோமத்தால் குருவிக் கூடுகளில் நஞ்சு சேர்கிறது என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் அறிவித்தார்கள். பூச்சி மருந்து பூசிய பிராணியின் உரோமத்தை வெளியே போடாமல் குப்பையில் கட்டிப் போடுவது நல்லது.

இந்த இருபது நிமிடத்தில் உரோமம் கழல்வதோடு வேறொரு வேலையும் நடக்கிறது. குளிர்கால உரோமம் நிறைய விடயங்களை மறைக்கும். பார்வைக்குக் கொழுத்திருக்கும் குதிரையின் விலாவில் கையை அழுத்தி வைத்தால் எலும்பு தட்டுப்படலாம். உரோமம் கொட்டிய பிறகுதான் தெரிகிறது, பனிக்காலம் அதை எவ்வளவு வாட்டிவிட்டதென்று. நீண்ட உரோமத்துக்குள் பேன் இருக்கலாம் (மனிதரில் பிழைக்காது, பயப்பட வேண்டாம்). மரத்தில் உரசிச் சொட்டை விழுந்திருந்தால் அதைச் சந்தேகியுங்கள். தொடர் மழையில் நனைந்த முதுகில் பக்டீரியா தொற்றிச் சிறு பொருக்குகள் தோன்றும். அதைத் தொட்டால் சின்னத் தூரிகை போல உரோமக் கொத்தோடு பெயர்ந்து வரும். பிடுங்காமல் மிருக வைத்தியரைக் கேட்க வேண்டும். குடற்புழு, பல் தேய்ந்து சரியாக மெல்ல முடியாமை, புரதம் குறைந்த தீனி, இவற்றாலும் உதிர்வு தாமதமாகும். ஆளி விதை கொடுத்தால் உரோமம் மினுங்கும் என்பது சரி. அதனால் மட்டும் பழைய உரோமம் கொட்டிவிடாது.

இனி அந்தக் கறுப்பு மட்டக்குதிரைக்கு வருகிறேன்.

பெருநாள் முடிந்த கிழமை பெண்குதிரையின் முதுகு செப்புப் பாத்திரம் போல மின்னத் தொடங்கிவிட்டது. மட்டக்குதிரையிலோ றப்பரைச் சுழற்றிச் சுழற்றிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். நாலைந்து மயிர்தான் வரும். வயிற்றுக்குக் கீழும் கால்களின் பின்புறமும் உரோமம் நீண்டு, அலையலையாகத் தொங்கிற்று. "கிழவனுக்கு ஒவ்வொரு வருடமும் தாமதம்தான். போன வருடம் ஜூன் ஆயிற்று. ஷெட்லாந்து இனமே அப்படி, அதோடு இந்தக் குளிரும்" என்றார் ஆசிரியை. ஷெட்லாந்து போன்ற தடித்த உரோமக் குதிரைகள் மற்றவற்றுக்குப் பிந்தியே உதிர்க்கும் என்பது உண்மையும்கூட. நான் தலையாட்டிவிட்டு இருந்துவிட்டேன்.

பேத்தி விடவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "உம்மும்மா, வெளிச்சம்தானே உரோமத்தைக் கழற்றும் என்று சொன்னீங்க? ரெண்டும் ஒரே வெளிச்சத்திலதானே நிக்குது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. "கிழவன் தண்ணியும் கூடக் குடிக்கிறான். வாளியை நான்தானே நிரப்புறேன்" என்றாள் தொடர்ந்து.

இதை அப்படியே ஆசிரியையிடம் சொல்லச் சொன்னேன். வயதில் மூத்தவரிடம், அதுவும் முப்பது வருடம் குதிரை வளர்த்தவரிடம் சொல்வதற்குப் பிள்ளை தயங்கினாள். மறுநாள் மகளே கூடப் போய்ச் சொன்னாள். ஆசிரியை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு மட்டக்குதிரையின் கண்ணுக்கு மேலுள்ள குழியைத் தொட்டுப் பார்த்தார். குழியாக இருக்க வேண்டிய இடம் கொழுப்பால் உப்பியிருந்தது. அன்றே மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார்.

இரத்தப் பரிசோதனை சந்தேகத்தை உறுதி செய்தது. அந்த நோய்க்கு அவர்கள் வழமையாகச் சொல்லும் பெயர் குஷிங் நோய். ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் மனிதரில் விபரித்த நோயின் பெயரைக் குதிரைக்கும் வைத்துவிட்டார்கள். குதிரையில் பாதிக்கப்படுவது கபச்சுரப்பியின் வேறொரு பகுதி என்பதால் வைத்தியர்கள் இப்போது 'பிபிஐடி' என்றே எழுதுகிறார்கள். மூளையிலிருந்து வரும் டோபமின் என்னும் பொருள்தான் அந்தப் பகுதியைக் கடிவாளம் போட்டு வைத்திருப்பது. வயது போகப் போக டோபமின் அனுப்பும் நரம்புகள் தேய்கின்றன. கடிவாளம் அறுந்த சுரப்பி வீங்கி, ஹோர்மோன்களை அளவுக்கு மிஞ்சிக் கொட்டுகிறது. உரோமம் உதிராமை, அதிக தாகம், அதிக சிறுநீர், முதுகுச் சதை வற்றி வயிறு தொங்குதல், சோர்வு, புண் ஆறாமை எல்லாம் அதனால்தான். 15 வயதைத் தாண்டிய குதிரைகளை அவுஸ்திரேலியாவில் பரிசோதித்து 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஐந்தில் ஒன்றுக்கு இந்நோய் இருந்தது. வயது போனதால் வரும் சோர்வு என்று எண்ணிப் பலர் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள்.

நீண்ட உரோமம் ஒரு குதிரையைக் கொல்லாது. கொல்வது குளம்பு. இந்நோய் உள்ள பல குதிரைகளில் குளம்புக்கு உள்ளே எலும்பைத் தாங்கும் மெல்லிய படலம் அழற்சியுற்று இளகும். எலும்பு இடம் பெயர்ந்தால் நிற்கவும் முடியாத வேதனை. சர்க்கரைச் சத்து நிறைந்த வசந்தகாலப் புல் அதற்கு எண்ணெய் ஊற்றியது போல. உரோமம் உதிரும் காலமும் அந்தப் புல் தழைக்கும் காலமும் ஒன்றாக வருவதால், ஏப்ரலில் கவனித்ததற்கும் ஜூன் வரை காத்திருப்பதற்கும் இடையில் ஒரு குதிரையின் உயிரே இருக்கலாம். மட்டக்குதிரையின் முன்னங்கால் குளம்புகளில் சூடு தொடங்கியிருந்ததாக வைத்தியர் சொன்னார். வேலி போட்டு அதைப் பச்சைப் புல்லிலிருந்து பிரித்தார்கள். நீரில் ஊறவைத்து இனிப்பைக் குறைத்த வைக்கோற்புல் கொடுத்தார்கள். கழலாத உரோமத்தை இயந்திரத்தால் கத்தரித்தார்கள். கத்தரித்த பின் பார்த்தால் பாவம், பாதி உடம்புதான் இருந்தது.

மருந்து ஒரு சிறு குளிசை, பெர்கொலைட். முன்பு மனிதரின் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுத்தது. இதய வால்வுகளைப் பாதிக்கிறதென்று கண்டு 2007இல் அமெரிக்காவில் மனிதப் பாவனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குதிரைக்கு அதுவே கைகொடுக்கிறது. நோயை மாற்றாது, அடக்கி வைக்கும். ஆகவே உயிருள்ளவரை தினமும் கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் அதைக் கையால் தொடவே கூடாது, மற்றவர்களும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். அப்பிள் துண்டில் வைத்துக் கொடுத்தார் ஆசிரியை. மூன்றாம் நாள் அப்பிளைத் தின்று குளிசையைத் துப்பிவிட்டதாம். கரட்டுக்கு மாற்றினார்.

ஏப்ரல் கடைசியில் நான் நாடு திரும்பிவிட்டேன். 2025 மார்ச்சில் ஒருநாள் மாலை பேத்தி வீடியோ அழைப்பில் வந்தாள். கையில் அந்த றப்பர் வட்டம். மழைக்கோட்டு முழுக்கக் கறுப்பு உரோமம், கன்னத்திலும் ஒட்டியிருந்தது.

"உம்மும்மா, இங்க பாருங்க, கிழவன்ட!" என்று ஒரு கைப்பிடியை அள்ளிக் காட்டினாள். அப்போது காற்று மாறி, அவ்வளவும் அவள் வாய்க்குள் போயிற்று.